பெலெக்கின் இருபது நிமிடம்

ஊர் வரலாற்றாளர் பதவிக்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதில் இருப்பவர் எதை எழுதினாலும் மாவட்டம் முழுக்க அதுதான் வேதவாக்கு. லோர்னா வேண்டர்மார்க் முப்பது வருடம் முன்பு எழுதிய ஒரு வரி, ஓடைச் சாலையில் நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தாக நின்றது: 'மதகுக் காவலர் பெலெக் ஷுஃபெல்ட் உறங்கிவிட்டதால் 1880 வெள்ளத்தில் நெசவாலைப் பெண்கள் பதினொருவர் மாண்டனர்.'

வெள்ளத்தை வடிக்கச் சொல்லி வைத்தபடி ஆறு மணிக்கே மதகைத் திறந்ததாக பெலெக் விசாரணையில் சத்தியம் செய்தார். ஆலையில் பிழைத்தவர்கள் எல்லோரும் ஆறு இருபது என்றார்கள். லோர்னா கூட்டத்தை நம்பினாள், பாவி.

இந்தப் பிப்ரவரியில் ஆலை மேஸ்திரியின் நாட்குறிப்பு அவள் கைக்கு வந்தது. ஆட்களைச் சீக்கிரம் வரவழைக்க முதலாளி ஆலைக் கடிகாரத்தை இருபது நிமிடம் முந்தி வைத்திருந்தாராம். ஆலையின் ஆறு இருபதுதான் பெலெக்கின் ஆறு மணி. அவர் தூங்கவே இல்லை. தண்ணீர்தான் மதகுக்கு அடங்கவில்லை.

தப்பை ஒப்புக்கொள்ள வெறுங்கையோடு போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. திருத்திய பலகை வார்த்து வரட்டும் என்று காத்திருந்தாள். அது இழுத்தடித்து ஜூனில் வந்தது. மறுநாள் காலையே பெலெக்கின் கொள்ளுப்பேரன் ஆரினைத் தேடிப் போனாள். எண்பத்தொரு வயது ஆரின், மாடு கறந்துவிட்டுக் காப்பியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா, சரித்திரம்! எங்க வீட்ல இன்னும் யாரைத் தூங்க வச்சிருக்கே?"

அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நாட்குறிப்பின் நகலை ஆரின் இரண்டு முறை படித்தார்.

"என் பேத்தியப் பள்ளிக்கூடத்துல தூங்குமூஞ்சின்னுதான் கூப்பிட்டாங்க. எங்க அக்கா இடெல்லா அந்த ரோட்டுப் பக்கமே போகமாட்டா. சர்ச்சுக்கு ஆறு மைல் சுத்திப் போவா." கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்போ கிடைச்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். லோர்னாவுக்கு வாய் வரவில்லை.

"பிப்ரவரில."

ஆரின் காப்பியைத் தள்ளி வைத்தார். இடெல்லாவை ஏப்ரலில்தான் அடக்கம் செய்தார்கள். துக்க வீட்டுக்கு லோர்னாவும் ஒரு தட்டு மக்ரோனி சமைத்து எடுத்துப் போயிருந்தாள். அன்றுகூட அவள் வாய் திறக்கவில்லை.

"சாகறதுக்கு முந்தின நாள்கூடக் கேட்டா, 'நெஜமாவே தூங்கிட்டாராடா?'ன்னு. எனக்குத் தெரியலையேக்கான்னேன்."

"என்னை மன்னிச்சிடுங்க, ஆரின்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார்.

"கல்லறைக்குப் போய் நீயே படிச்சுக் காட்டும்மா. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தமாப் படி."