செவ்வந்திக்குப் பதினைந்து மணி நேர இருட்டு

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு தார்ப்பாயிலிருந்து கிடைத்தது.

1961, ஆடி மாதம். நாகலாபுரம் போகும் பஸ் கோவில்பட்டியைத் தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. சாலையோர வீட்டுத் தோட்டத்தில் நான்கு கம்பு நட்டு, பஞ்சு லாரிக்குப் போடும் தார்ப்பாயால் ஒரு பாத்தியை மூடியிருந்தார்கள். அதன் ஓட்டைகளில் எல்லாம் தீப்பெட்டிக்கு ஒட்டும் நீலத்தாள்.

"உள்ளே என்னம்மா?" என்றேன்.

"செவ்வந்தி தூங்குது" என்றாள் ஒரு பெண்.

அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். மீதி முழுவதும் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "கரிசல் காட்டில் வெயில் தகதகவென்று..." வேண்டாம். வெயிலில் ஆரம்பிக்கும் கதையைப் பத்திரிகை ஆசிரியர் படிக்காமலே திருப்பி அனுப்புவார்.

இரண்டாம் தொடக்கம்: "ஜான்பீட்டரால் தை மாதம் வரை பொறுக்க முடியாது." இது தேவலை.

ஜான்பீட்டர் ஒரு விதைப்பண்ணையில் வேலை பார்க்கிறான். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டும் ஸ்டெல்லாமேரியை அவனுக்கு நிச்சயம் செய்தாகிவிட்டது. ஆனால் அவள் தாய் இஞ்ஞாசியம்மாள் மாதாவுக்கு ஒரு நேர்ச்சை வைத்திருக்கிறாள்: வீட்டுத் தோட்டத்துச் செவ்வந்தி மாலை போட்டுத்தான் மகள் தாலி கட்டிக்கொள்வாள். அந்தச் செவ்வந்தியோ தையில்தான் பூக்கும்.

"ஆவணியில பூத்துட்டா, அத்தை?"

"பூத்தா ஆவணியிலயே கட்டுங்க மாப்ளே. நானா பிடிச்சு வச்சிருக்கேன்?"

ஜான்பீட்டர் ஒரு விவசாயப் பத்திரிகையில் படித்திருந்தான். செவ்வந்தி மாதத்தைப் பார்ப்பதில்லை, இரவை அளக்கிறது. இரவு நீண்டால் மொட்டு வைக்கும். சாயங்காலம் ஐந்துக்கு மூடி, காலை எட்டுக்குத் திறந்தால் அதற்குத் தை வந்த மாதிரிதான். வைகாசிக் கடைசியில் மூட ஆரம்பித்தான். ஓட்டைகளை ஸ்டெல்லா அடைத்தாள்.

(குறிப்பு: இத்தனை சுலபமா என்று எனக்கே சந்தேகம் உண்டு. அவனுக்கு இல்லை. கல்யாணம் அவனுக்கு, எனக்கல்ல.)

3

ஒரு மாதம் போயிற்று. இலை, இலை, மேலும் இலை.

"கீரைன்னு கடைஞ்சிருவோமா?" என்றாள் ஸ்டெல்லா.

"சிரிக்காத. எங்கனயோ வெளிச்சம் போகுது."

இங்கே ஒரு வில்லனை நுழைக்கப் பார்த்தேன். "பக்கத்து வீட்டுச் சங்கிலிப்பாண்டி, டார்ச் லைட்டைத் துண்டுக்குள் மறைத்தபடி, தார்ப்பாயை மெல்லத்..." அடித்துவிட்டேன். பாவம், அவர் எதற்கு? நல்லவர்களே போதுமான அளவு கெடுத்துவிடுகிறார்கள்.

பாத்தி நடுவே ஒரு மணைப்பலகை கிடந்தது. பக்கத்தில் மண்ணெண்ணெய் சொட்டியிருந்தது. இராச் சாப்பாடு முடிந்ததும் இஞ்ஞாசியம்மாள் அரிக்கேன் விளக்கோடு உள்ளே புகுந்து, தினமும் ஒரு மணி நேரம் ஜெபமாலை சொல்லியிருக்கிறாள். எதற்கு? செவ்வந்தி பூக்க வேண்டும் என்றுதான்.

4

வருங்கால மாமியாரிடம் போய் "ஜெபம் பண்ணாதீங்க" என்று எந்த மாப்பிள்ளை சொல்வான்? மூன்று நாளாக எனக்கு வசனமே வரவில்லை. அவனுக்கும்தான்.

"அத்தை, அந்த விளக்கு..."

"ஏன், எண்ணெய் வீணாகுதோ?"

"அதில்ல. செடி விடிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிடுது."

"அப்ப நான் கும்பிட்டதாலதான் பூக்கலைங்கியளா?"

 ஆவணி என்ன, தையும் போய்விடும் போலிருந்தது. ஸ்டெல்லாதான் குறுக்கே வந்தாள்.

"ஏம்மா, மணி உருட்டுதது விரலுதான? அதுக்கு எதுக்கு வெளிச்சம்? மாதாவுக்கு இருட்டுல கண்ணு தெரியாதுங்கியா?"

இஞ்ஞாசியம்மாள் மகளை முறைத்தாள். பிறகு விளக்கை ஊதினாள்.

"எண்ணிக்கை தப்பிச்சுன்னா உன் தலையிலதாம்ட்டி விடியும்."

அன்று முதல் இருட்டிலேயே ஜெபமாலை.

5

மொட்டு வந்துவிட்டது! கம்பு மணி அளவு; அப்புறம் சுண்டைக்காய் அளவு.

ஆனால் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்க வேண்டும். ஆவணி இரண்டாம் ஞாயிறே முதல் ஓலையை வாசிக்காவிட்டால் ஆவணி தாண்டிவிடும்; மறுபடியும் தைதான். "அன்னைக்குக் காலையில ஒத்த மொட்டுலயாவது மஞ்சள் தெரியட்டும். ஓலை வாசிக்கச் சொல்லி கோயில் சாமியார்ட்ட சொல்லுதேன்" என்கிறாள் இஞ்ஞாசியம்மாள். சனிக்கிழமை ஐந்து மணிக்கு மூடும்போது எல்லாம் பச்சை.

முடிவு அ: மஞ்சள். மாதா செய்தது என்று அத்தையும், தார்ப்பாய் செய்தது என்று மாப்பிள்ளையும் பேரன் பேத்தி எடுக்கும் வரை சந்தோஷமாகச் சண்டை போடுகிறார்கள்.

முடிவு ஆ: பச்சை. ஜான்பீட்டர் தார்ப்பாயை மடித்து...

இல்லை, எனக்கு எழுத வரவில்லை. வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

6

ஞாயிறு, எட்டடிக்க ஐந்து நிமிஷம். பூசைக்கு முதல் மணி அடித்துவிட்டது. தார்ப்பாயின் ஒரு மூலையை ஜான்பீட்டர் பிடித்திருக்கிறான், ஒரு மூலையை ஸ்டெல்லா, மூன்றாவதை இஞ்ஞாசியம்மாள். நான்காவது மூலைக்கு ஆள் இல்லை. நான்தான் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேனே.

இஞ்ஞாசியம்மாள் சாலைப் பக்கம் திரும்பிக் கத்துகிறாள்:

"யாரது, அங்கன சும்மா வாசிச்சிக்கிட்டு நிக்கது? வந்து இந்த மூலையைப் பிடிங்க!"

உங்களைத்தான். மெல்லத் தூக்குங்கள், நீலத்தாள் கிழிந்துவிடாமல்.