சுவேதா நிறுத்திவைத்த வரி

ஐந்து தீசிஸ் பிரதிகளை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு யுவஸ்ரீ ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறினாள். மாலை ஐந்துக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்காவிட்டால் ஆறு வருட உழைப்பு மண்ணோடு மண். இரண்டு தடவை கெடு நீட்டியாயிற்று, இனி நீட்ட மாட்டார்கள்.

அத்திப்பள்ளியில் லாரிகளுக்கு நடுவே பஸ் மாட்டிக்கொண்டது. சும்மா இருக்க வேண்டியதுதானே? கை போய்ப் பின்னிணைப்பில் இருந்த கம்ப்யூட்டர் புரோகிராமைப் புரட்டியது. அழிக்காமல், கணக்கில் சேராதபடி முன்னால் குறி போட்டு நிறுத்திவைத்த ஒரு வரி. பக்கத்தில் சுவேதாவின் பெயர்.

அணுக்கருவுக்குள் இரண்டு நியூட்ரான்கள் ஓர் எல்லைக்கு மேல் நெருங்குவதில்லை. அதைக் கணக்கில் சேர்க்க ஒரு திருத்தம் உண்டு. அணுக்கரு சிதைவதற்கு முந்தைய நிலைக்கு ஒரு முறை, பிந்தைய நிலைக்கு ஒரு முறை பெருக்க வேண்டும். சுவேதாவின் வரி அந்த இரண்டாவது பெருக்கலைச் செய்தது.

ஜவளகிரிப் பெண், ஆய்வகத்தில் ஜூனியர். போன வருடம் அவளுக்கு விடை குறைவாக வந்தபோது எல்லார் முன்னாலும் யுவஸ்ரீ கத்தினாள்: "ரெண்டு தடவையும் நான் உள்ளயே போட்டாச்சு. இதுகூடத் தெரியாம எதுக்கு இங்க வந்த?" சுவேதா அன்றே அந்த வரியை நிறுத்திவைத்தாள். அடுத்த மாதமே படிப்பை விட்டாள். இப்போது ஓசூர் கம்பெனி ஒன்றில் போல்ட் அளக்கிறாள்.

யுவஸ்ரீ அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். உள்ளே அந்தத் திருத்தம் ஒரு தடவைதான் இருந்தது. நான்காம் அத்தியாயத்தின் எண்கள் அத்தனையும் தப்பு.

ஆய்வு வழிகாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னாள். "யாரும்மா அதையெல்லாம் பாக்கப் போறாங்க? குடுத்துடு. அப்புறம் திருத்திக்கலாம்" என்றார் அவர்.

கொடுத்துவிடலாம்தான். மணி இரண்டு. பஸ் மெல்ல நகர ஆரம்பித்தது. யுவஸ்ரீ மறுபடி போனை எடுத்தாள்.

"அக்கா! தீசிஸ் குடுத்துட்டீங்களா?" சுவேதாவின் குரலுக்குப் பின்னால் மெஷின் இரைந்தது.

"சுவேதா, நீ போட்டதுதான் சரி. நான்தான் தப்பு."

"எங்கப்பாகிட்ட நான் மக்குன்னு சொல்லிட்டுதானேக்கா படிப்ப விட்டேன்" என்றாள் சுவேதா. "இப்ப வந்து சொல்றீங்களே."

போன் வைக்கப்பட்டது. யுவஸ்ரீ எழுந்து கண்டக்டரிடம் இறக்கிவிடச் சொன்னாள். ஐந்து பிரதிகளையும் சுமந்துகொண்டு, சாலையைக் கடந்து, சுவேதாவைப் பார்க்க ஓசூர் பஸ்ஸுக்காக நின்றாள். அழுகையை அடக்க முடியவில்லை.