இடைவேளை வராத படம்

அந்தத் தியேட்டரில் ஒரு படத்துக்கு ஒன்பது வருஷமாக இடைவேளை வரவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். போர்முனையில் நண்பனை விட்டுவிட்டு ஓடிவந்த சிப்பாய், நண்பனின் மனைவியிடம் உண்மையைச் சொல்ல வருகிறான். நடக்கிறான், நிற்கிறான், பெருமூச்சு விடுகிறான். நாற்பதாவது நிமிஷம் அவள் வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான். தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. ரீல் சுற்றியது, சுருள் குறையவில்லை. முதலாளி ஒரு சண்டைப் படத்தை ஏற்றிப் பார்த்தார். திரையில் அதே கதவு. பல்பொடி விளம்பரம் போட்டார், அதே கதவு. ஊரில் வேறு தியேட்டர் இல்லாததால் ஜனங்கள் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர், "நான் இத்தனை கதவு தட்டினேனே, ஒருநாளாவது இப்படி யோசிச்சேனாய்யா?" என்று திரையைப் பார்த்துக் கத்துவார்.

ஆபரேட்டருக்குக் கத்திரி என்று பட்டப்பெயர். மெதுவாகப் போகும் படம் வந்தால், கடைசி பஸ்ஸுக்குள் முடியும்படி அங்கங்கே வெட்டி ஒட்டிவிடுவார். இதிலும் நாலு நிமிஷம் வெட்டியிருந்தார்: கதவு திறப்பதும், சிப்பாய் பேசுவதும். "ஒரே அழுவாச்சி, யாரு பாப்பாங்க?" என்று முதலாளியிடம் சொன்னார். உண்மைக் காரணம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தது. அவருடைய அண்ணி. கத்திரியும் அண்ணனும் பட்டாளத்தில் ஒரே பதுங்குகுழியில் இருந்தவர்கள். அண்ணனுக்குக் காலில் அடி. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கிளம்பிய தம்பி, திரும்பிப் போகவே இல்லை. குண்டு விழுந்து அண்ணன் அந்த நொடியே போய்விட்டார் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார்.

தினமும் மதியக் காட்சிக்கு அண்ணி ஒரு பாட்டில் தண்ணீரோடு வருவாள். போகும்போது கேபினை அண்ணாந்து பார்த்து, "இன்னைக்கும் தட்டலையே, தம்பி?" என்பாள். கத்திரி, "தட்டித் தொலையேண்டா!" என்று புரொஜக்டரை உதைப்பார். வீட்டுக்குப் போனால் மனைவி, "நம்ம வீட்டுக் குழாய் ரிப்பேர்காரனே தேவலை, நாலு மாசத்துல வந்துட்டான்" என்பாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்த வெட்டிய பிலிம் துண்டை எடுத்தார், ஒட்டிவிடலாம் என்று. வெளிச்சத்தில் பிடித்தால் ஒவ்வொரு கட்டத்திலும் மூடிய கதவு. பசை காய்ந்ததுதான் மிச்சம்.

டப்பாவை வீசிவிட்டு, காட்சி நடக்கும்போதே கீழே இறங்கிப் போனார். மூன்றாவது வரிசை.

"அண்ணி, அண்ணன் அப்பவே சாகலை. நான்தான் விட்டுட்டு ஓடிவந்துட்டேன்."

அண்ணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணி கேட்டாரா?"

"ரெண்டு தடவை கேட்டாரு."

அவள் பாட்டிலைப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். "மறைக்காதே, தள்ளி நில்லு. படம் பாக்கணும்."

திரையில் சிப்பாய் கதவைத் தட்டினான். திறந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். நாலு நிமிஷம்தான் ஆயிற்று. அவள் கேட்டாள், உள்ளே போனாள், கதவைச் சாத்திக்கொண்டாள். இடைவேளை என்று எழுத்து விழுந்தது, விளக்கு எரிந்தது, தபால்காரர் முதல் ஆளாக டீக்கு ஓடினார். அண்ணி எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு கத்திரியோடு அவள் பேசவில்லை; எதிரில் வந்தால் தெருவைக் கடந்துவிடுவாள். பாட்டில் மட்டும் இருக்கையிலேயே நிறையத் தண்ணீரோடு கிடந்தது. அவர் அதைக் கேபினில் கொண்டுபோய் வைத்தார், குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை படம் மாறி, சண்டைப் படம் வந்தது. கத்திரி இப்போது எதையும் வெட்டுவதில்லை. கடைசி பஸ்ஸை விட்டவர்கள் அவரைத் திட்டிக்கொண்டே நடந்து போகிறார்கள். திரைக்குக் கீழே, ஒன்பது வருஷம் நின்றவனின் பூட்ஸ் தடம் இரண்டு பதிந்திருந்தது. கூட்டுகிறவள் சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. வெற்றிலைக் கறையும்தான் போகவில்லை என்று விட்டுவிட்டாள்.