மூன்றாவது சுற்று

பத்திரிகைக்காரர்கள் அவளுக்கு 'நாலாம் சைமி' என்று பெயர் வைத்து இந்த மார்ச்சோடு ஒரு வருஷம் ஆகிறது. நான்கு உலகப் போட்டிகள், நான்கிலும் நான்காம் இடம் என்றால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? சைமி கார்வோனனுக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இந்த முறை, பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த பயத்லான் உலகப் போட்டி சொந்த மண்ணில், கொந்தியோலஹ்தியில். பெண்களுக்கு இன்றுதான் கடைசிப் பந்தயம். பதக்கம் இல்லாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று காலையில் கஞ்சி குடிக்கும்போதே பயிற்சியாளர் தெர்ஹோவிடம் சொல்லிவிட்டாள்.

"வாயால யாரு வேணா ஜெயிக்கலாம். குண்டு போய் இலக்குல படணும்மா," என்றார் அவர்.

பட்டது. முப்பது பேர் ஒன்றாகக் கிளம்பிய பந்தயத்தில், முதல் மூன்று முறையும் சைமி சுட்ட பதினைந்தும் பதினைந்து இலக்கில் விழுந்தன. நான்காவது முறை, கடைசி முறை, சுடும் இடத்துக்கு அவள் இரண்டாவதாக வந்து நின்றபோது கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு கறுப்பு வட்டமும் வெள்ளையாக மாறும்போது ஆயிரக்கணக்கான தொண்டைகள் ஒரே குரலாகக் கத்தின. ஒன்று, இரண்டு, மூன்று!

நான்காவதில் காற்று குறுக்கிட்டது. அந்தப் பதற்றத்தில் ஐந்தாவதும் போனது.

இரண்டு தவறு, இரண்டு தண்டச் சுற்று. சைமி பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சின்ன வட்டத்துக்குள் பாய்ந்தாள். ஏற்கெனவே நாலைந்து பேர் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தார்கள். நார்வேக்காரி குன்வோர் அவளை முந்தப் பார்க்க, சறுக்குக் கட்டைகள் சிக்கி இருவரும் பனியில் உருண்டார்கள்.

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"நீதான்டி குறுக்க வந்த!"

எழுந்து ஓடினார்கள். வட்டத்தின் வாசல் வந்தது. சைமிக்குத் தலை காலியாகிவிட்டது. விழுந்தது முதல் சுற்றிலா, இரண்டாவதிலா? ஒரு சுற்று குறைந்தால் இரண்டு நிமிடம் தண்டம், பதக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான். கூடிப்போனால் இருபது விநாடியோடு போகும். வேலிக்குப் பின்னால் தெர்ஹோ கையைக் கையை ஆட்டினார். கூட்டத்தின் கூச்சலில் ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. குன்வோர் வாசல் வழியாக வெளியே பறந்தாள். சைமி வயிற்றெரிச்சலோடு இன்னொரு சுற்று போனாள்.

வெளியே வந்ததும் தெர்ஹோ வேலியோரமாகவே கூட ஓடிவந்தார். "மூணு எதுக்கு சுத்தின? ரெண்டுதானே! தொண்டை கிழியக் கத்தறேன்!"

"இப்ப எத்தனாவது?"

"ஏழு! மூணாவதா குன்வோர், இருபது விநாடி முன்னாடி! பேசாத, போ!"

போனாள். தன் மேலிருந்த கோபம் முழுவதையும் காலில் இறக்கினாள். 'சுவர்' என்று எல்லோரும் அஞ்சும் அந்தச் செங்குத்து ஏற்றத்தில் ஒருத்தியை முந்தினாள், உச்சியில் இன்னொருத்தியை. இறக்கத்தில் மூன்றாமவளும் பின்னால் போனாள். கடைசி நேர்பாதையில் குன்வோரின் முதுகு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எட்டவில்லை.

நான்காம் இடம். மறுபடியும்! சைமி பனியில் குப்புற விழுந்து வாய்விட்டு அழுதாள்.

"எழுந்திரு," என்றார் தெர்ஹோ. "பலகையப் பாரு. முடிவு இன்னும் உறுதியாகல."

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. குன்வோர் தண்டச் சுற்றில் ஒன்று குறைவு, இரண்டு நிமிடம் சேர்க்கப்படுகிறது. மூன்றாம் இடம்... பெயர் யாருக்கும் கேட்கவில்லை, அதற்குள் கூட்டம் வானத்தைப் பிளந்துவிட்டது. தெர்ஹோ அவளை ரைபிளோடு சேர்த்துத் தூக்கிச் சுற்றினார்.

குன்வோர் பேயறைந்தவள் போல நடந்து வந்தாள். "நீ எத்தனை சுத்து போன?"

"மூணு."

"உனக்கு விதிச்சது எத்தனை?"

"ரெண்டு. உனக்கு?"

"மூணு." குன்வோர் அவளையே வெறித்துப் பார்த்தாள். "அடிப்பாவி! என் சுத்தையும் சேத்து நீயே சுத்திட்டியா?"

சைமி அழுதுகொண்டே சிரித்தாள், அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். பதக்கத்தை விட்டுக்கொடுக்கும் எண்ணம் மட்டும் துளியும் இல்லை.