ஒன்பதாம் தேதிக்கு எதிரே

1571 ஜூலை 9, காலை எட்டு மணிக்கு, பெர்த்துயி ஊரில், ஆண்டுதோறும் பஞ்சாங்கம் எழுதி வந்த ஒனோரா கர்சான் இறந்தார். வயது அறுபத்துமூன்று.

பத்து மணிக்கு அவருடைய மகள் பெர்த்ராந்த் சவத்துணியைக் கால்மாட்டிலிருந்து தைத்துக்கொண்டு வந்தாள். முழங்கால்வரை முடிந்திருந்தது. முந்தின நாளே ஏக்ஸ் நகரிலிருந்து வந்து தங்கியிருந்த அச்சுக்காரர் ரிகோ கட்டிலுக்கு மறுபக்கம் நின்று இந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

“இன்னிக்கு என்ன போட்டிருக்கு பாரு. ‘நெடுநாள் படுத்தவர் எழுந்து நடப்பர்.’ ஊரே சிரிக்கும்.”

“காலைல அப்பாவே கேட்டாரு. படிச்சுக் காட்டினேன். அவருதான் முதல்ல சிரிச்சாரு.”

ரிகோ ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து நீட்டினார்.

“நாலு வருஷத்துக்கு முந்தினது. கடைசிப் பக்கம் வெறுமையா இருக்கு. ‘எழுபத்தொன்றாம் ஆண்டு ஜூலை ஒன்பதில் என் கண் மூடும்.’ ஒரே வரி எழுதிடு. தன் சாவையே கணிச்ச மனுஷன்னு பாரிஸ் வரைக்கும் பேசுவாங்க.”

“நீங்களே எழுதிக்குங்க.”

“உன் கையெழுத்துதானேம்மா அவர் கையெழுத்து?”

கீல்வாதத்தில் ஒனோராவின் விரல்கள் மடங்கிப்போய் நாலரை ஆண்டு ஆகிறது. அவர் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதினாள். வெளியாட்களில் அது ரிகோவுக்கு மட்டுமே தெரியும்.

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“அந்த அலமாரில எந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை வேணா எடுத்துப் பாருங்க. தினமும் சாயங்காலம் உக்காந்து, தப்பாப்போன நாளுக்கு எதிரே சிலுவை போடுவாரு. விரல் மடங்கினப்புறம் என்னைப் போடச் சொல்வாரு. ஆலங்கட்டி விழும்னு சொன்ன அன்னிக்கு ஊரே திராட்சைக் கொடியை மூடிட்டு நின்னுது. ஒரு மேகம் வரல. அன்னிக்கும் போட்டாரு.”

“அதையெல்லாம் முதல்ல அடுப்புல போடு.”

“உங்க அச்சு எந்திரத்தைப் போடுங்க, நல்லா எரியும்.”

“வீம்பு பேசாதே. நீ எழுதலைன்னா அடுத்த வருஷத்துது என் அச்சுல ஏறாது. அப்புறம் எப்படிப் பிழைப்பே?”

“ஏறாட்டிப் போகட்டும். தப்பும் அவரோடதுதான். அதுல கை வைக்க நீங்க யாரு?”

தையல் மார்பைத் தாண்டியது. முகத்தை மூடுவதற்குமுன் ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

“பேனாவைக் குடுங்க.”

ரிகோவின் முகம் தெளிந்தது. மைக்கூட்டைத் திறந்து, குறிப்பேட்டை விரித்து அவள்முன் வைத்தார். அவள் அதை ஒதுக்கிவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தாள். ஜூலை ஒன்பதுக்கு எதிரே சிறிதாக ஒரு சிலுவை போட்டாள். மை காயும்வரை கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அலமாரியில் மற்றப் பதினேழோடு அதையும் செருகிவிட்டு, மிச்சத்தைத் தைத்து முடித்தாள்.

ரிகோ மதியத்துக்குமுன் ஏக்ஸுக்குப் புறப்பட்டார். அடக்கம் நான்கு மணிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பெயரில் பஞ்சாங்கம் வரவில்லை.