ஒரு தெரு, இரண்டு சங்கம்

"உங்கள் தெருவுக்காகப் பேச வந்தவர் யார்?" என்று மேடையில் இருந்த பாராளுமன்ற உறுப்பினர் கேட்டதும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் எங்கள் வலது பக்கத்து வீட்டு யோகேஸ்வரன் அண்ணை. மற்றவர் இடது பக்கத்து வீட்டுக் கல்யாணசுந்தரம் சார். பின்வரிசையில் இருந்த எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

2012ஆம் ஆண்டு அது. ஒரு தெருவே சேர்ந்து சோலார் தகடும் பெரிய பாட்டரியும் வைத்தால் அரசாங்கமே பணம் தரும் என்று நாங்கள் குடியேறிய இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் கொண்டுவரப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்காகப் பரமட்டா நகரில் மக்களிடம் கருத்துக் கேட்ட கூட்டம்தான் இது. வெயில் காலத்தில் எங்கள் ஊர் கிரவீனில் எல்லோரும் ஏசியைப் போட்டால் கரண்ட் போய்விடும். மற்ற வீடுகளில் ஐஸ்கிரீம் உருகும். எங்கள் வீட்டில் மகாதேவனுக்கு மூச்சு முட்டும். என் மனுசனின் நுரையீரல் பழுதாகி, ஹோலில் இருக்கும் ஒக்சிஜன் மெஷின்தான் அவரை வைத்திருக்கிறது. அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு, அது கொஞ்ச நேரத்துக்குத்தான். "கூரையில சோலார் இருக்குத்தானே அன்ரி?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். லைன் செத்தால் அதுவும் நின்றுவிடும் என்று யாருக்குத் தெரிகிறது? பாட்டரியோடு தெருவே தனியாக ஓடினால்தான் எங்களுக்கு விடிவு. கோயிலில்கூட நான் இப்படி மன்றாடியதில்லை.

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். ஒரு தெருவுக்கு ஒரு சங்கம். ஐயோ, வெள்ளைக்காரருக்கு எங்கட ஆட்களைத் தெரியாது! சங்கத்தின் முதல் கூட்டம் யோகேஸ்வரன் அண்ணை வீட்டில் நடந்தது. வடை முடிவதற்குள் சங்கம் இரண்டாகிவிட்டது.

"அவருக்குக் கரண்டைப் பத்தி என்னம்மா தெரியும்? நான் சர்வீஸ் பூரா மின்சார போர்டுல இருந்தவன்," என்றார் கல்யாணசுந்தரம் சார்.

"அவர் பெரிய இன்ஜினியராவே இருக்கட்டும், தங்கச்சி. இது ஆற்றை யோசனை? முதல்ல சொன்னது ஆர்? அதைச் சொல்லும்," என்றார் அண்ணை.

நான் இரண்டு சங்கத்திலும் சேர்ந்தேன். வேறென்ன செய்ய? மகாதேவன் இருமலுக்கு நடுவே சிரித்தார். "ரெண்டு பேரும் எனக்காகத்தானே சண்டை பிடிக்கினம், விடும்."

பரமட்டாவில் கேள்வி கேட்ட அந்த உறுப்பினர் நல்ல மனுஷி. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாட்டரி குறைந்தால் எந்த வீட்டுக்கு முதலில் கரண்ட் கொடுப்பீர்கள் என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மகாதேவனின் பெயரைச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிடமே, அதை முதலில் சொன்னது யார் என்று தொடங்கிவிட்டார்கள். ஒரே சங்கமாகித் திரும்பி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இவர்கள் ஒன்றாகவில்லை. சட்டமும் பேச்சோடு நின்றது. ஆத்திரத்தில் இருவரோடும் கொஞ்ச நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இங்கே ஜனவரிதான் நடு வெயில் காலம். அடுத்த ஜனவரியில், அனல் பறந்த ஒரு மத்தியானம், கரண்ட் போனது. சிலிண்டரின் முள் சிவப்புக்கு இறங்கியது. ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். மகாதேவனின் உதடு நீலமாகத் தொடங்கியது. அப்போது வலது பக்கம் ஒரு ஜெனரேட்டர் உறுமியது. இடது பக்கமும் ஒன்று. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வாங்கி வைத்திருக்கிறார்கள்!

"தங்கச்சி, இதை மெஷினில கொழுவும்!"

"ரதிம்மா, இந்த வயரைப் போடுங்க!"

ஒரே கடையில் வாங்கிய ஒரே செம்மஞ்சள் வயர்கள், ஒரே ஜன்னலால் உள்ளே வந்து விழுந்தன. எது யாருடையது என்று பார்க்க எனக்கு ஏது நேரம்? கைக்கு வந்ததில் மெஷினைச் செருகினேன். அது ஓடத் தொடங்கியது. மகாதேவனின் நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. மற்ற வயரின் நுனி இன்னும் என் கையில் இருந்தது. இரண்டு வேலிக்கு மேலாலும் இரண்டு முகங்கள், கொழுவியது தன்னுடையதா என்று கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.