மாட்டுக் கொட்டாயில் மூன்று நாள்

"அவ கையால ஒரு வாய் வாங்கிக் குடிச்ச, அப்படியே உங்காத்தா வூட்டு பஸ் ஏறிடு" என்றாள் ஜானகியம்மாள், பித்தளை டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே.

மருமகள் கோவிந்தம்மாள் டம்ளர் கழுவத் தண்ணீர் மொண்டு வைத்தாள். அந்த வீட்டில் பதில் சொல்வது அவள் வேலை அல்ல. அவளுக்கும் சேர்த்துப் பதில் சொல்வதை ஐந்து வருடமாக மாமியாரே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் மாரியப்பன் வாசலில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய சேற்றை வெகு அக்கறையாகச் சுரண்டினான். அம்மா பேசும்போதெல்லாம் அவன் செருப்பில் சேறு இருக்கும். அவனை ரொம்பக் குறை சொல்ல எனக்கு வாயில்லை; என் செருப்பும் அப்படிப்பட்டதுதான்.

1975-ஆம் வருடம், தை மாதம். பாப்பாரப்பட்டிக்கு இரண்டு மைல் தள்ளியிருந்த அந்த ஊர் ஆஸ்பத்திரி வாசலில் மதராஸிலிருந்து ஒரு வேன் வந்து நின்றிருந்தது. கழுத்துக் கட்டி உள்ளவர்கள் ஒரு மருந்தைக் குடிக்க வேண்டும். கதிரியக்க அயோடின், பார்வைக்கு வெறும் தண்ணீர். அது போய்க் கழுத்தில் சேரும். மறுநாள் வேனில் இருக்கும் கருவி, கட்டியைப் புள்ளி புள்ளியாகப் படம் போட்டுக் காட்டும்.

கோவிந்தம்மாளின் கழுத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி. அந்தக் கட்டியால்தான் பிள்ளை தங்கவில்லை என்று ஜானகியம்மாள் தீர்ப்புச் சொல்லியாயிற்று. மருமகள் நோயாளி என்று ஒரு காகிதம் கிடைத்தால் போதும், மகனுக்கு நல்லம்பள்ளியில் இன்னொரு பெண் தயார்.

ஆனால் அந்த வேனில் மருந்து கொடுக்க வந்திருப்பவள், பம்பாயில் படித்துத் திரும்பிய ராஜமேரி. இவர்கள் காட்டில் கிணறு வெட்டிய சவரியின் மகள். மாதா கோயில் தெருக்காரர்களுக்கு இந்த வீட்டில் தண்ணீர் என்றால் கொல்லைப்புறம் நின்று, குவித்த கையில் வாங்கிக் குடிப்பது. அந்தக் கைக்காரி இப்போது டம்ளர் நீட்டுவாளாம்!

கோவிந்தம்மாளின் பயம் வேறு. அவளுக்கு மூன்று மாதம்.

இதற்கு முன் இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னாள். இரண்டும் மூன்றாம் மாதம் கலைந்தன. அதன்பின் அவள் வாங்கிய பேச்சைத் தெருவே கேட்டது. இந்த முறை அவள் சொல்லவில்லை. மாதாமாதம் நாள் வந்ததும் வழக்கம்போல் வீட்டுக்கு விலக்கு என்று மாட்டுக் கொட்டாயில் மூன்று நாள் போய் உட்கார்ந்தாள். மாமியார் தட்டைத் தூரத்திலிருந்து தள்ளிவிட்டாள். ஒருவரும் சந்தேகப்படவில்லை. மூன்று நாள் அடுப்பும் இல்லை, ஏச்சும் பாதி. உண்மையைச் சொன்னால், அந்த வீட்டில் அவளுக்கு ஓய்வு கிடைத்த ஒரே இடம் அந்தக் கொட்டாய்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பச்சியப்பன் எழுந்து வரவேற்றார். ஜானகியம்மாளுக்குப் பங்காளி வழிச் சொந்தம். சீட்டில் மற்றதெல்லாம் எழுதி முடித்திருந்தார். கடைசியாக விலக்கானது எப்போது என்ற கேள்விக்கு, "பத்து நாளைக்கு முன்ன. நானே பாத்தேனே" என்று ஜானகியம்மாள் சொல்ல, அதையும் எழுதினார். சொந்தக்கார வீட்டு மருமகளிடம் அதையெல்லாம் ஓர் ஆண்பிள்ளை கேட்பது மரியாதையா என்ன?

"டம்ளர் கொண்டாந்திருக்கேன் டாக்டரே. நீங்களே ஊத்திக் குடுத்துடுங்க."

"அதுக்கென்னங்க" என்று மேஜைப் பக்கம் திரும்பினார் பச்சியப்பன். கதிர் வெளியே வராமல் தடுக்கும் ஈயப் பானைக்குள் இருந்த மருந்துக் குப்பிக்கு முன்னால் ராஜமேரி நின்றாள்.

"சார், நீங்க தொடக்கூடாதுங்க."

"மிஸ் ராஜமேரி, நான் இருபது வருஷ டாக்டர்."

"தெரியுங்க. ஆனா இதுக்குன்னு பயிற்சி எடுத்தவங்க மட்டும்தான் குடுக்கலாம். அனுமதிக் காகிதத்துல என் பேரு மட்டும்தான் இருக்கு."

"அப்ப நான் யாரு? கம்பவுண்டரா?"

"இந்தக் குப்பிய பொறுத்தவரைக்கும் நீங்க பொதுஜனம்தாங்க, சார்."

வரிசையில் நின்ற யாரோ சிரித்துவிட்டார்கள். பச்சியப்பன் முகம் கறுத்தது. "தண்ணி ஊத்தறதுக்கு ஒரு வருஷப் படிப்பு! பம்பாய்ல என்னதான் சொல்லிக்குடுத்தானுங்க?"

பம்பாயில் முதல் இரண்டு மாதம் ராஜமேரிக்கு நிஜமாகவே தண்ணீர்தான் ஊற்றக் கொடுத்தார்கள். ஒரு சொட்டு மேஜையில் விழுந்தால் வாத்தியார் அன்று முழுக்க அவளுடன் பேசமாட்டார்.

"யாருக்குக் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்தாங்க சார்" என்றாள் ராஜமேரி. குரல் நிதானமாக இருந்தது. "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் இவங்ககிட்ட தனியா பேசணும்."

"என்னாடி தனியா?" ஜானகியம்மாள் எகிறினாள். "என்னைக் கேளு, சொல்றேன். உங்கப்பன் எங்க வூட்டுப் பொழக்கடையில நின்னு பழஞ்சோறு வாங்கித் தின்ன ஆளு. நீ எனக்குச் சட்டம் சொல்றியா?"

"ஆமாங்கம்மா, தின்னாரு. நீங்க வெளிய இருங்க."

அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டால் ஒரு மனுஷி மேற்கொண்டு எப்படித் திட்டுவது? மற்றவர்களுக்குப் பின்னால் ஜானகியம்மாளும் வெளியே போனாள். கதவுக்கு ஒரு சாண் தூரம் மட்டும்.

உள்ளே ராஜமேரி குரலைத் தாழ்த்தினாள். "சீட்டுல எழுதியிருக்கறது உங்க அத்தை சொன்னது. நீங்க சொல்லுங்க. நாள் தள்ளிப்போயிருக்கா?"

கோவிந்தம்மாள் கதவைப் பார்த்தாள். தன்னிடமே ஒருவர் தன்னைப் பற்றிக் கேட்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

"இருந்தா... குடிக்கக்கூடாதுங்களா?"

"உங்க கழுத்துக்குப் போறது, வயித்துல இருக்கறதோட கழுத்துக்கும் போயிடும். அதைக் கெடுத்துடும்."

"மூணு மாசங்க" என்றாள் கோவிந்தம்மாள். உடனே, "சொல்லிடாதீங்க டாக்டரம்மா" என்று கும்பிட்டாள்.

"சொல்லமாட்டேன். அது உங்க விஷயம். பிள்ளை பொறந்து, பால் குடி மறந்ததும் படம் எடுத்துக்கலாம். அதுவரைக்கும் கட்டிக்கு வேற வைத்தியம் இருக்கு." ராஜமேரி குப்பியைத் திருகி மூடினாள். கதவைத் திறந்து, "இவங்களுக்கு மருந்து இல்லைங்க" என்றாள்.

"பாத்தீங்களா!" ஜானகியம்மாள் வரிசையைப் பார்த்துக் கூவினாள். "அவ கையால வேணாம்னேன்ல, அந்தக் கோவத்துல இல்லைங்கறா! டாக்டரே, நீங்க ஊத்துங்க. நம்ம டம்ளர்ல ஊத்துங்க!"

பொதுஜனம் என்ற சொல் பச்சியப்பனுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. நேராகப் போய்க் குப்பியின் மேல் கைவைத்தார். அவர் கைமேல் ராஜமேரி கைவைத்தாள். அந்த ஊரில் அப்படி ஒரு கை அப்படி ஒரு கையைப் பிடித்து யாரும் பார்த்ததில்லை.

"கைய எடும்மா!"

"எடுக்கமாட்டேங்க."

"மாரியப்பா! பொண்டாட்டியக் கூட்டியா இங்க!" என்றாள் ஜானகியம்மாள். கதவோரம் நின்ற மாரியப்பன் செருப்பைக் குனிந்து பார்த்தான்.

"நான் குடிக்கமாட்டேன் அத்தை" என்றாள் கோவிந்தம்மாள். "எனக்கு மூணு மாசம். குடிச்சா புள்ளைக்கு ஆகாது."

பச்சியப்பன் கை தானாக விலகியது.

"பத்து நாளைக்கு முன்ன கொட்டாய்ல ஒக்காந்தியேடி!"

"சும்மா ஒக்காந்தேன்."

தீட்டோடு வீட்டுக்குள் வந்தால் என்ன செய்வது என்று ஜானகியம்மாளுக்குத் தெரியும். தீட்டே இல்லாமல் ஒருத்தி வெளியே போய் உட்கார்ந்தால் அதற்கு என்ன பரிகாரம்? எந்த ஐயரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. பச்சியப்பன் சீட்டை எடுத்து, "பத்து நாள்" என்பதன் மேல் மெதுவாகக் கோடு கிழித்தார்.

சாயங்காலத்துக்குள் ஜானகியம்மாள் தேறிவிட்டாள். குழாயடியில் அவளைச் சுற்றிக் கூட்டம்.

"அவ கையால குடிக்கவே கூடாதுன்னு ஒத்தக்கால்ல நின்னேன் பாரு, அதாண்டி எம்பேரனக் காப்பாத்துச்சு! நம்ம ஆசாரம் சும்மாவா?"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குடத்தோடு வந்த கோவிந்தம்மாள் நின்றாள்.

"இல்லீங்க அத்தை. அவங்க கையால வேணாம், டாக்டரு கையால குடின்னீங்க. குடிச்சிருந்தா இந்நேரம் கெட்டுப் போயிருக்கும். அவங்க என்கிட்ட கேட்டாங்க, நான் சொன்னேன். அவ்வளவுதான்."

"வாயி நீளுது! அந்தப் பம்பாய்க்காரி சொல்லிக்குடுத்தாளா?"

"அவங்களுக்குக் கேக்கணும்னு பம்பாய்ல சொல்லிக்குடுத்தாங்க" என்றாள் கோவிந்தம்மாள், குடத்தைக் குழாயடியில் வைத்துக்கொண்டே. "ஒரே வூட்டுல இருந்துக்கிட்டு என்னை ஒரு வார்த்தை கேக்க, நீங்க அவ்வளவு தூரம் போயிருக்க வேணாங்களே, அத்தை."